பதினொரு வட்டங்கள்

எங்கள் ஊரில் ஜனவரி மாதத்தில் கோபித்துக்கொண்டு ஒரு வீட்டை விட்டு வெளியேறுவது லேசுப்பட்ட காரியமல்ல. விருட்டென்று எழுந்து, கதவை அறைந்து சாத்திவிட்டுப் போகிற பாக்கியமெல்லாம் வெயில் தேசத்துக்காரர்களுக்கு. இங்கே எழுந்த பிறகு கம்பளிச் சட்டை, அதன்மேல் கோட்டு, கழுத்துக்கு மப்ளர், தலைக்குக் குல்லா, கையுறை, கடைசியில் குனிந்து பூட்ஸ் மாட்டிக் கயிறு கட்ட வேண்டும். என்ன அவசரப்பட்டாலும் நாலு நிமிஷம் ஆகும். அந்த நாலு நிமிஷமும் திட்டியவளும் திட்டு வாங்கியவளும் ஒரே அறையில்தான் இருந்தாக வேண்டும்.

போன ஜனவரியில் அப்படி ஒரு நாலு நிமிஷம் எனக்குக் கிடைத்தது. நான் அதில் பாத்திரம் கழுவினேன்.

என் பெயர் ஆர்டிஸ். மின்னசோட்டாவின் வடக்கு மூலையில், ஏரிக்கரை ஊர் ஒன்றில் இருபத்தொன்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். நாற்பது பிள்ளைகளின் கூச்சலுக்கு மேலே கத்திக் கத்திக் குரல் பெரிதாகிவிட்டது, பொறுமை சிறிதாகிவிட்டது. யார் எதைச் சொன்னாலும் என் வாயில் முதலில் வருவது "இல்ல" என்பதுதான். "சர்ச்ல ஜெபம் முடிஞ்சாக்கூட இவ 'இல்ல, ஆமென்'னுதான் சொல்லுவா" என்று என் கணவர் ஹார்லன் ஊர் பூராவும் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். பொய்யில்லையே.

பக்கத்து வீட்டுக்காரி லவோன். முப்பத்து நாலு வருஷமாகப் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவே வேலி கிடையாது. பின்பக்கம் அவள் மனையில் பாதி, என் மனையில் பாதியாக ஒரே தோட்டம். நடுவில் சர்வேக்காரன் என்றைக்கோ அடித்துவிட்டுப் போன இரும்புக் குழாய்தான் எல்லை. அதிலும் நாங்கள் அவரைக்கொடியை ஏற்றிவிட்டிருந்தோம்.

அக்டோபர் முடிந்தால் ஏப்ரல் வரை தோட்டம் பனிக்கு அடியில் போய்விடும். அத்தனை மாதம் வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தால் புத்தி பேதலித்துவிடும். பேதலிக்காமல் இருக்க எங்களுக்கு இரண்டு வேலைகள் இருந்தன.

ஒன்று, அமரில்லிஸ் பந்தயம். நவம்பரில் நன்றி நாள் விருந்து முடிந்த மறுநாள், ஆளுக்கொரு அமரில்லிஸ் கிழங்கைத் தொட்டியில் வைத்து ஜன்னலோரம் வைப்போம். யாருடையது முதலில் பூக்கிறதோ அவள் ஜெயித்தாள். தோற்றவள் மே மாதம் உருளைக்கிழங்குப் பாத்தி முழுவதையும் தனியாகக் கொத்த வேண்டும். லவோன் ராத்திரியில் தொட்டியை ஃப்ரிட்ஜ் மேலே ஏற்றிச் சூடு காட்டுகிறாள் என்பதை எட்டாவது வருஷம்தான் கண்டுபிடித்தேன். அதிலிருந்து நான் என்னுடையதை நிலவறையில் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்க ஆரம்பித்தேன். இரண்டு பேரும் சர்ச்சில் பக்கத்துப் பக்கத்து நாற்காலிதான்.

இன்னொன்று, படம் போடுவது. ஜனவரியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டுச் சமையலறை மேசையில், விதைக் கேட்லாக்குகளைக் குவித்துவைத்துக்கொண்டு, கட்டம் போட்ட ஒரு பெரிய தாளில் அந்த வருஷத்துத் தோட்டத்தை வரைவோம். லவோன் வரைவாள், நான் மறுப்பேன். எங்கள் தோட்டம் அப்படித்தான் உருவாகும். முப்பத்து மூன்று தாள்களும் என் மேசை டிராயரில் பத்திரமாக இருந்தன.

முப்பத்து நாலாவது ஞாயிற்றுக்கிழமை, வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது. லவோன் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் குளியல் துண்டால் சுற்றி, அதன்மேல் மளிகைக்கடைக் காகிதப் பையைக் கவிழ்த்த ஏதோ ஒன்று. மேசையில் வைத்துப் பிரித்தாள். அவளுடைய அமரில்லிஸ். மூன்று தண்டு, தண்டுக்கு நாலு பூ, நல்ல ரத்தச் சிவப்பு. என்னுடையது அந்தப் பக்கம் ஜன்னலில் ஒற்றைத் தண்டில் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தது.

"இந்தா. இது இங்கயே இருக்கட்டும்" என்றாள்.

"நீ ஜெயிச்சது எனக்குத் தெரியும்டி. அதை என் மேசையிலயே கொண்டாந்து வெச்சுக் காட்டணுமா?"

"அதுக்கில்ல ஆர்டிஸ். உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"இல்ல, மொதல்ல படத்தைப் போடு. காபி ஆறுது. பேச்செல்லாம் அப்புறம்."

வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். பென்சிலை எடுத்தாள்.

எப்போதும் அவள் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிப்பாள். அன்றைக்கு என் பக்கத்தில் ஆரம்பித்தாள். என் சமையலறை ஜன்னலுக்கு நேரே வரிசையாக வட்டம் போட்டுக்கொண்டே போனாள். மூக்கு தாளில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து வரைந்தாள். எண்ணினேன், பதினொன்று.

"இதென்ன, கோழி முட்டையா?"

"பியோனி."

"யாரோட பியோனி?"

"என்னோடதுதான். எங்கம்மாவோடது."

அந்தப் பதினொரு பியோனிச் செடிகளை ஊருக்கே தெரியும். அவள் அம்மாவின் பண்ணை ஏலத்துக்குப் போனபோது, லவோன் முதல்நாளே போய்த் தன் கையால் தோண்டிக் கொண்டுவந்தவை. ஜூன் மாதம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வெளிர் ரோஜா நிறத்தில் பூக்கும். காரில் போகிறவர்கள் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, மோந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

பியோனிக்கு அடுத்து ஐரிஸ். அதற்கடுத்து, புளிப்புத் தண்டுக்காக வளர்க்கிற ரூபார்ப். எல்லாம் என் பக்கம். அவள் பக்கத்தில் ஒரு கோடு இல்லை.

"உன் பக்கம் என்னடி வரப்போகுது? விமானம் எறங்கப்போகுதா?"

"உன் பக்கம் வெயில் நல்லா விழுது."

"முப்பத்து நாலு வருஷமா விழாத வெயில் இந்த வருஷம் புதுசா வந்துச்சோ?"

அவள் ரூபார்ப் இலைக்குக் கோடு போட்டாள். எனக்கோ மண்டைக்குள் கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. அவள் மகன் டாட் போன கோடையில் அரிசோனாவிலிருந்து வந்திருந்தான். பின்பக்கம் நின்று காலால் அடி அளந்து, "இங்க ஒரு கேரேஜ் கட்டினா அம்சமா இருக்கும்ல?" என்று சொன்னதை என் காதால் கேட்டிருந்தேன். ஓஹோ, கதை அப்படிப் போகிறதா என்று நினைத்தேன். பந்தயத்தில் தோற்ற எரிச்சல் வேறு. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பது சும்மா சொன்னதில்லை.

"உன் பையனுக்கு கேரேஜ் கட்ட எடம் வேணும்னா நேரா சொல்லு லவோன். சுத்தி வளைக்காதே. உங்கம்மாவோட பழைய கிழங்கையெல்லாம் கொண்டாந்து கொட்ட என் தோட்டம் என்ன குப்பைமேடா?"

"ஆர்டிஸ்..."

"இல்ல, நான் சொல்லி முடிச்சிடறேன். டேல் போனதுலேர்ந்து உன் பாரமெல்லாம் எங்க தலையிலதான். பனி தள்ளணுமா, ஹார்லன். குழாய் ஒடைஞ்சுதா, ஹார்லன். இப்ப செடியும் நாங்களே பாத்துக்கணுமா?"

டேல் அவள் கணவர். போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்த ஆறு வருஷத்தில் பனி தள்ளியதற்காக அவள் சுட்டு அனுப்பாத கேக் இல்லை, பிஸ்கட் இல்லை. அதையெல்லாம் தின்ற வாயால்தான் அப்படிச் சொன்னேன். சொன்னதோடு விட்டேனா? ரப்பரை எடுத்து அந்தப் பதினொரு வட்டங்களையும் அவள் முன்னாலேயே அழித்தேன். ரப்பர் தூளை ஊதியும் விட்டேன்.

லவோன் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"சரி, ஆர்டிஸ்" என்றாள்.

அப்புறம் அந்த நாலு நிமிஷம். கம்பளிச் சட்டை, கோட்டு, மப்ளர், குல்லா. கதவருகே ஸ்டூலில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டினாள். நான் குழாயைத் திறந்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு கோப்பைகளைத் தேய்த்தேன். ஓரக்கண்ணால் பார்த்தபோது இடது பூட்ஸின் கயிற்றைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். குளிருக்கு விரல் மடங்கவில்லை போலிருக்கிறது, மடங்காமலே போகட்டும் என்று நினைத்தேன். ஆண்டவரே, அப்படியேதான் நினைத்தேன். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

ஒன்பது நாள் பேச்சில்லை. முதலில் அவள் கூப்பிடட்டும் என்று இருந்தேன். ஐந்தாம் நாள் என் அமரில்லிஸ் பூத்தது. ஒற்றைத் தண்டு, இரண்டே பூ. பக்கத்தில் அவளுடையது பன்னிரண்டு பூவோடு நின்றது. கேலி பண்ண ஆளில்லாததால் என் பூவைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

"ஒரு போன் பண்ணா கொறைஞ்சா போயிடுவ?" என்றார் ஹார்லன்.

"இல்ல."

"கொறைய மாட்டேன்னா பண்ண வேண்டியதுதானே?"

"இல்லன்னா இல்ல!"

பத்தாம் நாள் ஹார்லன் ஹார்டுவேர் கடைக்குப் போய்விட்டு வந்தார். வாங்கப் போன ஆணி கையில் இல்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"லவோன் வீடு வித்தாச்சாம். நேத்து கையெழுத்தாகிடுச்சாம்."

எப்படிப் பூட்ஸ் மாட்டினேன், எப்படி ஓடினேன் என்று தெரியாது. லவோன் தரையில் உட்கார்ந்து, தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"கண்ணு மங்கிக்கிட்டே வருது ஆர்டிஸ். இனிமே கார் ஓட்டக்கூடாதுன்னுட்டாங்க. இந்த ஊர்ல கார் இல்லாம ஒரு பால் பாக்கெட் வாங்க முடியுமா? டாட் வீட்டுக்குப் போறேன். அரிசோனாவுக்கு."

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். படத்தைப் போடுன்ன."

நான் அங்கேயே அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் தட்டைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். "பியோனிக்குக் குளிர் வேணும். அங்க வெச்சா பூக்காது. அதான் உன் பக்கம் வரைஞ்சேன். நீ பாத்திரம் கழுவற எடத்துலேர்ந்து தெரியற மாதிரி வரைஞ்சேன். தரையில வேர் பிடிச்சதெல்லாம் வீட்டோட சேர்ந்து போயிடும், தெரியுமில்ல? நமக்கு வேணும்னா பத்திரத்துலயே எழுதணும், இன்னின்ன செடியைத் தோண்டி எடுத்துக்குவேன்னு. அந்த ஒரு வரியை திங்கக்கிழமை வரைக்கும் காலியாவே விட்டு வெச்சிருந்தேன்."

"திங்கக்கிழமை வரைக்குமா?"

"நீ ஒரு போன் பண்ணுவேன்னு பாத்தேன். கடைசியில காலியாவே கையெழுத்துப் போட்டுட்டேன்."

அழுதேன். எத்தனையோ வருஷமாக அப்படி அழுததில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அடுத்தவளையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேனே! மூக்கைத் துடைத்துக்கொண்டு சத்தியம் பண்ணினேன். "வாங்கினவன்கிட்ட நான் பேசறேன். மண்ணு எளகின மறுநாள் பதினொண்ணையும் தோண்டி என் பக்கம் வெச்சிடறேன். இது சத்தியம்."

"நீ பேசினா அவன் பயந்து வீட்டையே திருப்பிக் குடுத்துடுவான். ஹார்லனைப் பேசச் சொல்லு" என்று லவோன் சிரித்தாள்.

அன்று சாயங்காலமே தாளை எடுத்து விரித்தேன். அழித்த வட்டங்களின் தடம் தாளில் பள்ளமாக இருந்தது. அதன் மேலேயே பென்சிலால் மறுபடி வரைந்தேன். பதினொன்றும் சரியாக வந்தது.

பிப்ரவரி கடைசியில் டாட் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனான். அமரில்லிஸ் என்னிடமே இருந்தது. பூ உதிர்ந்த தண்டுகளை வெட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றி வந்தேன்.

வீட்டை வாங்கியவன் பெயர் கிரெய்க். மினியாபொலிஸ்காரன். மே மாதம்தான் குடி வருவதாகச் சொன்னார்கள். அவன் போன் நம்பரை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்தேன். தினமும் அதைப் பார்த்தேன். ஏப்ரல் கடைசி வரை மண் பாறை மாதிரி கிடக்கும், இப்போது என்ன அவசரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எனக்கு ஒருவரிடம் ஒன்றைக் கேட்கவே வராது. முன்பின் தெரியாத ஒருவனைக் கூப்பிட்டு, "உங்க எடத்துல இருக்கற செடியை எனக்குத் தருவீங்களா?" என்று கேட்க வேண்டும். நாலு தடவை போனைக் கையில் எடுத்து, நாலு தடவையும் வைத்துவிட்டேன். ஹார்லனைப் பேசச் சொல்லவும் மனசு வரவில்லை. சத்தியம் பண்ணியவள் நானல்லவா?

இருபத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டியவள் மறக்கவே கூடாத ஒன்றை அப்போது மறந்துபோனேன். மார்ச் நடுவில் எங்கள் ரோடுகள் இளக ஆரம்பிக்கும். அன்றிலிருந்து இரண்டு மாதம் பாரவண்டி எதையும் ரோட்டில் விடமாட்டார்கள். ஜல்லி வேண்டியவர்கள் அதற்கு முன்னாலேயே, தரை இறுகிக் கிடக்கும்போதே அடித்துக் கொட்டிவிடுவார்கள். வருஷா வருஷம் என் கண் முன்னால் நடந்ததுதான்.

மார்ச் இரண்டாம் வியாழன் காலை, காபி ஊற்றிக்கொண்டிருந்தபோது ஜன்னலில் லாரி தெரிந்தது. ஒன்றல்ல, மூன்று. கிரெய்க் தன் படகையும், ஏரியில் பனிமேல் வைத்து மீன் பிடிக்கிற பெட்டி வீட்டையும் நிறுத்த, பின்பக்கம் ஜல்லித்தளம் போடச் சொல்லியிருக்கிறான். பல் வைத்த வாளி வண்டி ஒன்று ஏற்கெனவே பனியை வழித்துக்கொண்டிருந்தது.

வீட்டுச் செருப்போடு ஓடினேன். பூட்ஸ் மாட்ட நின்றால் நாலு நிமிஷம் ஆகுமே!

"நிறுத்துப்பா! அங்க செடி இருக்கு!"

வண்டிக்காரன் எஞ்சினைத் தணித்துவிட்டு எட்டிப் பார்த்தான். "எங்கம்மா செடி? பனிதானே இருக்கு?"

கையைத் தூக்கிக் காட்டப் போனேன். காட்டத் தெரியவில்லை. எல்லாம் வெள்ளை. இரும்புக் குழாய்கூடப் பனிக்குள்ளே. முப்பத்து நாலு வருஷம் நான் கொத்திய மண், எது எங்கே என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"படம் இருக்கு! எடுத்துட்டு வரேன், இரு!" என்று திரும்பி ஓடினேன். டிராயரிலிருந்து தாள்களை அள்ளிக்கொண்டு வந்தபோது, அவன் எனக்குப் பயந்து நிறுத்தித்தான் வைத்திருந்தான். அதுவரை வழித்ததைப் போய்ப் பார்த்தேன். பியோனியின் முளை மண்ணுக்கு இரண்டு விரற்கடை ஆழத்தில்தான் இருக்கும். பனியோடு சேர்ந்து பெயர்ந்த மேல்மண்ணில், பிய்ந்த கிழங்குத் துண்டுகள் கிடந்தன. வெட்டுப்பட்ட இடம் வெள்ளையாக இருந்தது. பதினொன்றின் முளையும் போய்விட்டிருந்தது, மிச்ச வேர் கல் மாதிரி இறுகிய மண்ணில். கடப்பாரை போட்டாலும் வராது. லாரிக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"வேலையை முடிங்கப்பா" என்றார் ஹார்லன். கையில் என் பூட்ஸை வைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றிருந்தார்.

மத்தியானம் கிரெய்க்குக்குப் போன் பண்ணினேன். அன்றைக்கு மட்டும் விரல் கூசவில்லை. நல்ல மனுஷன். கோபித்துக்கொள்ளவே இல்லை. "அடடா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த மூலையை அப்படியே விட்டிருப்பேனேம்மா" என்றான். அந்தப் பிய்ந்த துண்டுகளைப் பொறுக்கி வாளியில் மண்ணோடு நிலவறையில் வைத்துப் பார்த்தேன். ஏப்ரலில் எல்லாம் கொழகொழவென்று அழுகிவிட்டது.

லவோனிடம் சொல்லவில்லை. அவள் வாரம் ஒரு தடவை கூப்பிடுவாள். பனி உருகட்டும், மண் இளகட்டும் என்று சாக்குச் சொல்லி வந்தேன். மே முதல் வாரம் சாக்குகள் தீர்ந்துபோயின.

"இங்க இப்பவே நூறு டிகிரி" என்றாள் லவோன். "வெளிய கால் வெச்சா பொரிஞ்சு போயிடறேன். அமரில்லிஸை வெளிய வெச்சுடலியே? இன்னும் ஒரு உறைபனி பாக்கி இருக்கும்."

"இல்ல, உள்ளதான் இருக்கு. இலை ஒரு முழம் வந்துடுச்சு."

"ஹார்லன் பேசினாரா? எடுத்து நட்டாச்சா? சிவப்பு மூக்கு வெளிய வந்துச்சா?"

பியோனி மண்ணிலிருந்து வருகிறபோது சிவப்பாக, குளிரில் விடைத்த மூக்கு மாதிரி வரும். நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நான் போனோடு ஜன்னலுக்கு எதிரே, பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றிருந்தேன். வெளியே ஜல்லி. ஜல்லியின் மேல் கவிழ்த்த படகு.

"ஆமா" என்றேன்.

"எல்லாமேவா?"

"ஆமா, லவோன். நல்லா வந்திருக்கு. ரொம்ப நல்லா வந்திருக்கு."



"ஆர்டிஸ், நான் கேட்டதுக்கு நீ ஒரே பேச்சுல ஆமான்னு சொன்னதே இல்ல." அவள் குரல் இறங்கியிருந்தது. "எல்லாம் போயிடுச்சா?"

முப்பத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக, "இல்ல" என்று சொல்ல வேண்டிய இடத்தில் அந்தச் சொல் வரவில்லை. அவள் போனை வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

"அன்னிக்குக் குளிர்ல என் விரல் மடங்கலைன்னு நெனச்சிருப்ப ஆர்டிஸ், விரலுக்கு ஒண்ணுமில்ல" என்றாள். "நீ ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுவேன்னுதான் அந்த எடது பூட்ஸை அவுத்து அவுத்துக் கட்டிக்கிட்டிருந்தேன். குழாய்த் தண்ணி சத்தம்தான் கேட்டுது."